செவ்வாய்க்கிழமைப் போத்தல்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, அரிசிக்கும் சீனிக்கும் பங்கீட்டுக் கூப்பன் முடியாத காலம். எனக்கு இருபத்துமூன்று வயது, மகளுக்கு ஒன்றரை. கணவர் கொழும்புக் கோட்டையில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். வீட்டில் நாலாவது ஆள் மாமா, கணவரின் தகப்பனார். மருதானையில் ரயில்வே சரக்குக் கொட்டகையில் கணக்கப்பிள்ளையாக இருந்து இளைப்பாறியவர். அவருக்குச் சலரோகம். கொழும்பில் அதைச் சீனி வருத்தம் என்பார்கள்.

அந்த வருத்தத்தைக் கவனிக்கும் பொறுப்பை எனக்கு ஒருவரும் தரவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். கல்லூரியில் சுகாதாரப் பாடத்தில் முதலாவதாக வந்தவள் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. ஒரு கொப்பி வாங்கி, மாமா சாப்பிடுவதையெல்லாம் அதில் எழுதினேன். ‘காலை: குரக்கன் பிட்டு, ஒரு கோப்பை. தேநீர், சீனியில்லை.’ எழுதி மூடிய பிறகு, அது ஒரு கோப்பையா ஒன்றேகாலா என்று யோசனை வந்துவிடும். மகள் அழுதால்கூட ஒரு கையால் அவளைத் தூக்கிக்கொண்டு மறு கையால் கொப்பியைத் திறப்பேன்.

காலி வீதிக்கு அப்பால் மாநகர சபையின் இலவச மருந்துச்சாலை இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை நாட்பட்ட வருத்தக்காரருக்கு. சீனி, பிறஷர், மூச்சிழுப்பு, ஆறாத புண் என்று வயதானவர்கள் வெளி விறாந்தையில் நீள மர வாங்குகளில் வரிசையாக இருப்பார்கள். டொக்டர் மாதத்தில் ஒரு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் எல்லாம் அப்போதிக்கரிதான். மருந்து கலப்பதும், கட்டுப் போடுவதும், சின்ன வருத்தங்களுக்குத் தானே மருந்து எழுதுவதும் அவருடைய வேலை. கொம்பனித்தெருவிலிருந்து சைக்கிளில் வரும் மலாய்க்காரர் அவர். எந்த வயதுப் பெண்ணையும் ‘மகள்’ என்பார்.

அங்கே மருந்து தருவார்கள், போத்தல் தரமாட்டார்கள். போத்தலை நாங்களே கொண்டுபோக வேண்டும். மருந்துக்கு ஒன்று, சீனிக்காரர் என்றால் சிறுநீருக்கு இன்னொன்று. அப்போதிக்கரி ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் சிறுநீரை எட்டுத் துளி விட்டு, ஸ்பிரிட் விளக்கில் பிடிப்பார். கொதித்தபின் நீலமாகவே நின்றால் சீனி இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் கூட, செங்கல் நிறம் என்றால் மிகவும் மோசம். அந்த நிறத்தை மட்டையாலான ஒரு கார்ட்டில் தேதியோடு மையால் எழுதித் தருவார்.

சிறுநீர்ப் போத்தலை ஒருவரும் வெளியே தெரியக் கொண்டுவர மாட்டார்கள். பத்திரிகைத் தாளில் சுற்றி, பிடவைக் கடையில் வாங்கிய சாமான்போல் மடியில் வைத்துக்கொண்டு, அதில் என்ன இருக்கிறதென்று தெரியாதவர்கள்போல் இருப்பார்கள். சுற்றிய தாளின் மொழியைப் பார்த்து ஆள் எந்த வீடு என்று சொல்லிவிடலாம். எங்கள் வீட்டில் தமிழ்ப் பத்திரிகைதான் வரும். ஆனால் மாமா, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய ஆங்கிலப் பத்திரிகையில்தான் சுற்றுவார்.

“பெரிய உத்தியோகத்தரின்ரை சலம் எண்டு நினைச்சுக் கவனமாப் பாப்பினம்,” என்பார்.

அந்தக் கார்ட்டுக்கு எங்கள் வீட்டில் ஒரு கெடு இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்த கணவரின் அக்கா, என் மச்சாள், ஒரு கடிதம் எழுதியிருந்தா. அப்புவை, அதாவது மாமாவை, கொழும்பில் விட்டு வைத்தது பிழை. அங்கே சாப்பாட்டைக் கவனிக்க அனுபவமுள்ள ஆள் இல்லை. பள்ளிக்கூட விடுமுறைக்கு வருவேன். வரும்போது கார்ட்டில் கடைசி நிறம் நீலமாக இருந்தால் அப்பு அங்கேயே இருக்கட்டும். இல்லையென்றால் என்னோடு கூட்டிக்கொண்டு போவேன்.

‘அனுபவமுள்ள ஆள் இல்லை’ என்ற வரியை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதில் பாதி சரி என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் மாமா போகக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அப்படி ஒரு விஷயம் எனக்கு அபூர்வம். பகல் முழுவதும் எனக்கு இருந்த பேச்சுத்துணை அவர்தான். மகளைக் காலையில் சலம் போக எனாமல் சட்டியில் இருத்துவதும் அவருடைய வேலை. பின்விறாந்தையில் எதிரே முக்காலி போட்டு இருந்து, தான் வேலை பார்த்த பாதையின் ஸ்டேஷன்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சொல்லுவார். “மருதானை… தெமட்டகொடை… களனி…” ராகமைக்கு முன்னால் காரியம் முடிந்துவிடும். என்னோடு அவள் கண்டிவரை போவாள், ஒன்றும் நடக்காது.

மாமாவுக்கும் போக விருப்பமில்லை. வாயால் சொல்லவில்லை. ஆனால் அந்த மாதம் முழுவதும் குரக்கனை வாய் பேசாமல் சாப்பிட்டார். கார்ட்டில் மஞ்சள் பச்சையாகி, பச்சை நீலப்பச்சையாகி, மச்சாள் வருவதற்கு முந்திய செவ்வாய்க்கிழமைக்கு நீலம் வந்துவிடும் என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, கொட்டாஞ்சேனையில் அவருடைய பழைய ரயில்வே சிநேகிதர் வீட்டில் பேரனுக்கு ஞானஸ்நானம். போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்னேரம் திரும்பி வந்தபோது கொப்பியோடு நின்றேன்.

“என்ன சாப்பிட்டனீங்கள் மாமா?”

“சோறு கொஞ்சம். மரக்கறி. லவ் கேக் ஒரு விரல்நுனி. அவையளின்ரை மனதுக்காக.”

‘லவ் கேக்: விரல்நுனி’ என்று எழுதினேன். யாருடைய விரல் என்று கேட்கவேண்டும் என்று அப்போதே எனக்குப் பட்டது. மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை பின்னேரம் போத்தலைச் சாம்பல் போட்டுக் கழுவி, தண்ணீரில் அவித்து, வெயிலில் கவிழ்த்து, மாமாவின் அறை யன்னலில் வைத்தேன். செவ்வாய்க்கிழமை காலையில், நான் குளித்துவிட்டு வரும்போது, போத்தல் ஆங்கிலப் பத்திரிகையில் சுற்றியபடி மேசையில் தயாராக இருந்தது.

“பிள்ளை, இண்டைக்கு முழங்கால் உழையுது. நீ கொண்டுபோறியே? இவளை நான் பாக்கிறன்.”

மாமா மருந்துச்சாலைக்குப் போகாமல் நின்ற முதல் செவ்வாய்க்கிழமை அது. அங்கே அவர் சும்மா இருப்பவரல்ல. யார் முதலில் வந்தது, யார் அடுத்தது என்று மூன்று மொழியிலும் வரிசையைக் கவனிப்பார். அப்படிப்பட்டவர் வீட்டில் நிற்கிறார் என்றால் கால் மிகவும் மோசமாக இருக்க வேண்டும் என்று நினைத்து, வழி நெடுகக் கவலைப்பட்டுக்கொண்டு போனேன்.

வாங்கில் எனக்குப் பக்கத்தில், இழுப்புக்காரக் கிழவர் ஒருவர் இருந்தார். சந்தைப் பக்கம் கடை வைத்திருந்த முஸ்லிம் ஆள். அவருக்கு அப்பால் பிறஷருக்கு மருந்து எடுக்கும் ஒரு வயோதிபப் பெண். மட்டக்களப்புப் பக்கத்தவ. அவதான் முதலில் கண்டா.

“பிள்ளை, உங்கட பார்சலில எறும்பு ஊருது.”

பார்த்தேன். தாளின் மடிப்பிலிருந்து என் சேலை வரைக்கும் சிற்றெறும்பு ஒரு வரிசை கட்டியிருந்தது.

“பேசாம உடுங்க,” என்றார் இழுப்புக்காரர், மூச்சு வாங்கிக்கொண்டு. “இன்னைக்கு செவ்வாய்க்கிழமதானே. எறும்புக்கும் ஏதாச்சும் வருத்தம் இருக்கும்.”

வாங்கு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சீனி கூடினால் எறும்பு மொய்க்கும் என்பது கல்லூரியில் படிக்கத் தேவையில்லாத விஷயம்.

என் முறை வந்தது. அப்போதிக்கரி எட்டுத் துளி விட்டுக் குழாயை விளக்கில் பிடித்தார். கொதி வருவதற்கு முன்பே நீலம் கலங்கிப் பச்சையாகி, மஞ்சளாகி, ஓர் இமைப்பொழுதில் செங்கற்குழம்பாக நின்றது. அவர் குழாயை யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன மகள் இது. இன்னும் கொதிக்கவே இல்ல. ஐயா நடமாடுறாரா?”

“முழங்கால் உழைவு எண்டு நிண்டிட்டார்.”

“போன கெழம நீலப்பச்ச. இந்தக் கெழம இப்படி. இத இங்க வச்சுப் பாக்க ஏலாது.” கார்ட்டில் ‘சிவப்பு’ என்று எழுதினார். மாமாவை மறுநாளே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி ஒரு துண்டும் எழுதித் தந்தார்.

திரும்பி வரும் வழியில் கொப்பியை மனதுக்குள் முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். குரக்கன் மாவில் கோதுமை கலந்திருந்ததா? தேங்காய்ப்பால் கூடிவிட்டதா? புதன்கிழமை நான் தலைவலியென்று படுத்திருந்தபோது அவர் என்ன சாப்பிட்டார்? மச்சாள் எழுதியதுதான் சரி.

மாமா பின்விறாந்தையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எழும்பினார். முழங்கால் உழைவே இல்லாத எழும்பல். அதை நான் பிறகுதான் யோசித்தேன்.

“மாமா, சிவப்பு.”

“என்ன?”

“செங்கல் மாதிரி. கொதிக்க முன்னமே. நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னவர்.”

அவர் மறுபடியும் இருந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார். அவளுடைய கையைப் பிடித்து, சதையை அமுக்கிப் பார்த்தார்.

“இவள் நேத்து எத்தினை தரம் தண்ணி கேட்டவள்?”

“ஏன் மாமா?”

“சும்மா கேக்கிறன். கொஞ்சம் மெலிஞ்சு போனாள் போல இல்லையோ?”

“மாமா, நான் உங்கடை சீனியைப் பற்றிச் சொல்லுறன்.”

“பிள்ளை,” என்றார், “நான் ஒரு மடைவேலை பாத்துப் போட்டன். அந்தப் போத்தலிலை இருந்தது என்ரை இல்லை. இவளின்ரை.”

கொட்டாஞ்சேனையில் அவர் சாப்பிட்டது விரல்நுனி அல்ல. யுத்தத்துக்குப் பிறகு அந்த வீட்டில் முதல் லவ் கேக். ரவையும் முட்டையும் கஜுவும், கூப்பன் சீனியை மாதக்கணக்கில் சேர்த்துச் செய்தது. மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை விடிய அந்த மூன்று துண்டும் கார்ட்டில் ஏறப்போகிறது என்று பயம் பிடித்துவிட்டது. மகள் சட்டியில் இருந்து எழும்பியதும், பச்சைக் குழந்தையின் சலம் நீலமாகத்தானே நிற்கும் என்று அதைப் போத்தலில் ஊற்றிவிட்டார். என்னைக் கொண்டுபோகச் சொன்னது, அப்போதிக்கரியின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல ஏலாது என்றபடியால்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வர நேரமிருக்கவில்லை. எல்லாம் எனக்கு ஒரே கணத்தில் விளங்கிவிட்டது. மகள் நேற்று நாலு தரம் தண்ணீர் கேட்டாள். இரவில் துணி நனைகிறது. பாணுக்கு ஜாம் கேட்டு அழுகிறாள். சுகாதாரப் புத்தகத்தில் சலரோகத்தின் குணங்குறிகள் எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இருந்தன என்பதுகூடக் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒன்றரை வயதுப் பிள்ளை வெயில் நாளில் தண்ணீர் கேட்கத்தான் செய்யும் என்பது மட்டும் வரவில்லை.

மருந்துச்சாலை பன்னிரண்டு மணிக்கு மூடிவிடும். மாமா ஒழுங்கை முனைக்கு ஓடி, ரிக்‌ஷா ஒன்றை நிறுத்தினார். காலைப் போத்தல் கிடந்த பையோடு, நான் மகளைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். மாமா எனாமல் சட்டியை மடியில் வைத்திருந்தார். அந்த அவசரத்திலும் அதை ஆங்கிலப் பத்திரிகையில் சுற்றியிருந்தார்.

அப்போதிக்கரி முழுக்கதையையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் போட்டார்.

“அப்ப நான் சிவப்பு எழுதினது பேத்திக்கு.”

“ஓம்,” என்றார் மாமா.

“சரி. சின்னவட தண்ணிய புதுசா எடுங்க. இங்கயே, என் கண்ணுக்கு முன்னால.”

விறாந்தை மூலையில் சட்டியை வைத்து மகளை இருத்தினோம். அவள் இவ்வளவு பார்வையாளரை ஒருநாளும் கண்டதில்லை. எல்லோருக்கும் கை காட்டிக்கொண்டு இருந்தாள். மாமா குனிந்து மெதுவாகத் தொடங்கினார். “மருதானை… தெமட்டகொடை…” ராகமை போயிற்று. ஒன்றுமில்லை. கம்பகாவையும் தாண்டிவிட்டார்.

“மெதுவாச் சொன்னாக் காதுல விழுமா,” என்றார் இழுப்புக்காரர். மருந்து வாங்கிய பிறகும் அவர் போகவில்லை. “ஸ்டேஷன்ல கத்துற மாதிரிச் சொல்லோணும்.”

மாமா மருதானையிலிருந்து மறுபடி தொடங்கினார், இந்தமுறை பழைய சரக்குக் கொட்டகைக் குரலில். தெமட்டகொடைக்கு இழுப்புக்காரர் சேர்ந்துகொண்டார். களனிக்குப் பிறஷர்க்காரப் பெண்ணும். ஹுணுப்பிட்டியில் வாங்கு முழுவதும் ஏறிவிட்டது. ராகமைக்கு ஒரு ஸ்டேஷன் இருக்கும்போது எனாமலில் சத்தம் கேட்டது. ஒருவர் கை தட்டினார்.

குழாயைக் கொதிக்கக் கொதிக்கப் பிடித்தார் அப்போதிக்கரி. நீலம் நீலமாகவே நின்றது. போதாதென்று இன்னொரு குழாயிலும் பார்த்தார். அதுவும் நீலம். நான் சுவரைப் பார்த்து நின்று அழுதேன்.

“மகள், சின்னவளுக்கு ஒண்ணுமில்ல. அழுவாதீங்க. அந்தப் போத்தலத் தாங்க.” காலையில் கொண்டுவந்த போத்தலின் கழுத்தை மோந்தார். அடியில் விரல் கொடுக்க ஏலாததால் ஒரு குச்சியை விட்டுச் சுரண்டி, அதையும் மோந்தார். “இதுல முந்தி என்ன இருந்திச்சு?”

“அது அவிச்ச போத்தல்,” என்றேன். எனக்கு அந்த ஒரு விஷயத்திலாவது நிச்சயம் இருந்தது.

மாமா தொண்டையைக் கனைத்தார். “அவிச்ச போத்தலிலை முதலிலை என்ரையைத்தான் நிரப்பினனான். பிறகு மனம் கேக்கேல்லை. குசினி மேல்தட்டிலை இருந்த வேறை போத்தல் ஒண்டை எடுத்து அதிலை ஊத்தினனான். அதாவது, இவளின்ரையை.”

எங்கள் குசினியில் மருந்துப் போத்தல்கள் எல்லாம் ஒரே அச்சு. மேல்தட்டில் இருந்தது, மகளுக்கு மருந்து குழைக்க நான் வைத்திருந்த தேன். ஒரு வாரமாக முடியும் தறுவாயில், அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

“எத்தன தரம் கழுவினீங்க, ஐயா?”

“ஒருக்கா அலம்பினனான்.”

“சுடுதண்ணியிலயா?”

“பச்சைத் தண்ணியிலை.”

அப்போதிக்கரி வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு திரும்பி, மருந்துக் கிண்ணம் ஒன்றை மாமாவிடம் நீட்டினார். “இப்ப உங்கட. சொந்தத் தண்ணி.”

அது பச்சையாக நின்றது. வாழைக்குருத்தின் பச்சை. மூன்று துண்டு கேக்குக்கு அது பெரிய மன்னிப்பு என்றார் அப்போதிக்கரி. பெரியாஸ்பத்திரித் துண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ஆனால் கார்ட்டில் மையால் எழுதியதை வெட்ட அவருக்கு அதிகாரமில்லை. கீழே அதே தேதியைப் போட்டு ‘பச்சை’ என்று மட்டும் எழுதினார். அன்று பின்னேரம் கணவர் இதைக் கேட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு கார்ட்டை எடுத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“அக்கா நீலம் எண்டெல்லோ சொன்னவ,” என்றார்.

சனிக்கிழமை விடிய மச்சாள் யாழ்ப்பாண மெயில் ரயிலில் வந்து இறங்கினா. உயரமான, வேகமாக நடக்கிற மனிஷி. வந்து கால் கழுவியதும் கார்ட்டைக் கேட்டா.

“என்ன இது, சிவப்பு எண்டு கிடக்கு?”

“போத்தல் சுத்தமில்லை மச்சாள்,” என்றேன். “அது என்ரை பிழை.” அப்படிச் சொல்லவேண்டும் என்று நான் மூன்று நாளாகத் தீர்மானித்திருந்தேன். சொன்ன பிறகு, மச்சாளின் கண் என் குசினித் தட்டுகளில் ஒவ்வொன்றாகப் போனபோது, தீர்மானித்தது சரிதானா என்று தெரியவில்லை.

“அவளின்ரை பிழை இல்லை,” என்றார் மாமா. எல்லாவற்றையும் தானே சொன்னார். கேக்கிலிருந்து ராகமை வரைக்கும் ஒன்றையும் விடவில்லை.

“மூண்டு துண்டோ, அப்பு?”

“நாலு.”

நான் உள்ளே போய்க் கொப்பியில் விரல்நுனியை வெட்டி, நாலு துண்டு என்று எழுதிவிட்டு வந்தேன்.

மச்சாள் சிரிக்கவில்லை. “நான் நீலம் எண்டு சொன்னனான். இது பச்சை. அதுவும் களவெடுத்த பச்சை. புதன்கிழமை மெயிலுக்கு வெளிக்கிடுங்கோ அப்பு. வயசுபோன நேரத்திலை குழந்தைப்பிள்ளையின்ரை சட்டிக்குள்ளை கை வைச்சுக்கொண்டு.”

மாமா கட்டிலுக்குக் கீழிருந்து தகரப்பெட்டியை இழுத்துத் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளை முக்காலிக்கு எதிரே இருத்திவிட்டு, ஒரு ஸ்டேஷனும் சொல்லாமல் இருந்தார். அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சாளிடம் சொல்லவேண்டியதை நான் மனதுக்குள் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் மருமகள் வாய்காட்டுகிறாள் என்று ஒரு வரி வந்துவிட்டது. கடைசியில் சொன்னது இவ்வளவுதான்.

“மச்சாள், போறதுக்கு முன்னம் மருந்தும், ஊர் ஆஸ்பத்திரிக்குக் கடிதமும் வாங்க வேணும். செவ்வாய்க்கிழமை நீங்களும் ஒருக்கா வாருங்கோவன்.”

வந்தா. மாமா வாங்கில் தன் இடத்தில் இருந்து, அன்றைக்கும் வரிசையைக் கவனித்தார். அவர் போகப்போவதை இழுப்புக்காரரிடம் சொல்லவில்லை.

அப்போதிக்கரி மச்சாளை உள்ளே கூப்பிட்டார். “நோனா, ஊருல இத யாரு பாத்துக் குடுப்பாங்க?”

“ஏன், நான் பாப்பன். கொதிக்க வைக்கிறதுதானே.”

“அப்ப பழகிட்டுப் போங்க. நீல மருந்து ஒரு போத்தல் தாறேன். இப்ப ஒருக்கா நீங்களே செஞ்சு காட்டுங்க. ஐயாட தண்ணி பாத்தாச்சு. உங்கட தண்ணியிலயே செய்ங்க. நீலமா நிக்கிறது எப்படி எண்டு கண்ணுல இருக்கோணும்தானே.”

மச்சாள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய்வந்தா. எட்டுத் துளியை நான் எண்ணுவதைவிடக் கவனமாக எண்ணினா. குழாயைச் சரித்துப் பிடித்து, கை நடுங்காமல் விளக்கில் காட்டினா. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காட்டுவதுபோல் எனக்கும் தெரியத் திருப்பிப் பிடித்தா.

நீலம் பச்சையாகியது. பச்சையில் நிற்கவில்லை. மஞ்சளாகி நின்றது.

“இன்னும் கொதிக்க வேணுமோ?” என்று கேட்டா.

“கொதிச்சது போதும் நோனா,” என்றார் அப்போதிக்கரி.

“கிண்ணம் சுத்தமோ?”

“கிண்ணம் என்ட.”

இன்னொரு கிண்ணம், இன்னொரு குழாய். மஞ்சள். தண்ணீர் நிறையக் குடிக்கிறீர்களா, களைப்பு இருக்கிறதா என்று அவர் கேட்கக் கேட்க, மச்சாள் ஓம், ஓம் என்று சின்னக் குரலில் சொன்னா. அவர் புதுக் கார்ட் ஒன்றை எடுத்து முதல் வரியை எழுதினார்.

வெளியே வந்தோம். வாங்கில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அங்கே எந்த நிறமும் கதவுக்குள் நிற்பதில்லை. மாமா கொஞ்சம் நகர்ந்து, மச்சாளுக்குத் தனக்குப் பக்கத்தில் இடம்விட்டார். மச்சாள் இருந்தா.

“அப்பு,” என்றா கொஞ்ச நேரத்தில், “இது கனநாளா இருந்திருக்குமோ?”

“எனக்கும் இப்பிடித்தான் பிள்ளை. தற்செயலாக் கண்டுபிடிச்சது. பயப்பிடாதை. சாகிற வருத்தம் இல்லை, பசிக்கிற வருத்தம்.” கொஞ்சம் பொறுத்து, “நீ எத்தினை துண்டு சாப்பிட்டனி?” என்றார்.

அப்போதுதான் மச்சாள் சிரித்தா. முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

புதன்கிழமை மெயிலுக்கு ஒருவரும் போகவில்லை. அப்போதிக்கரி மூன்று கிழமையாவது தன் கண்ணுக்கு முன்னால் இருக்கவேண்டும் என்றார். மச்சாள் விடுமுறையை எங்கள் வீட்டில் கழித்தா. நான் இரண்டாவது கொப்பி ஒன்று வாங்கினேன். மச்சாளுக்கு என்ன சாப்பாடு போடுவது என்று முதல் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் புரட்டினேன். ஆனால் அவவோ தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “இது கூடிப்போச்சோ? நீ பாத்துச் சொல்லு,” என்று என்னைக் கேட்டா. ஒரு தரம் கேட்டபோது நான் கூடவில்லை என்றேன். உள்ளே போய் யோசித்து, திரும்பி வந்து கால் கோப்பை குறைத்தேன். அவ தட்டை நீட்டினா.

இரண்டாம் கிழமை மஞ்சள், பச்சையாகியது. மூன்றாம் கிழமை இருவருக்கும் பச்சை. அன்று வரும் வழியில், காலி வீதியைக் கடக்க நிற்கும்போது, மச்சாள் சொன்னா.

“அப்பு இஞ்சையே இருக்கட்டும். எங்கடை ஊரிலை அப்போதிக்கரி எண்டு ஒருத்தர் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போறதெண்டால் வண்டில் கட்டிப் போக வேணும். நான் என்னை ஏத்தி இறக்கிறதே பெரிய பாடு. ரெண்டு பேரை ஆர் ஏத்தி இறக்கிறது?”

“ஓம் மச்சாள்,” என்றேன். இன்னும் ஏதாவது சொல்லவேண்டுமா என்று யோசிப்பதற்குள் பஸ் ஒன்று வந்துவிட்டது.

“நீ கவனமாப் பாக்கிறாய்,” என்றா, பஸ் போனபிறகு. “கொஞ்சம் கூடுதலாக் கவனமா. பரவாயில்லை.”

மாமா அன்றே தகரப்பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார். தள்ளிய சத்தம் குசினிவரை கேட்டது.

இதெல்லாம் நடந்து இரண்டரை வருஷமாகிறது. மகளுக்கு இப்போது நாலு வயது. மச்சாள் நீல மருந்தும் ஸ்பிரிட் விளக்கும் கொண்டுபோய், ஊரில் தானே பார்த்துக்கொள்கிறா. இப்போது அயலில் இன்னும் மூன்று பேருக்கும் பார்த்துக் கொடுக்கிறாவாம். மாதத்தில் இரண்டு போஸ்ட்கார்ட் வருகின்றன. தபால்காரரும் வாசிப்பார் என்றபடியால் வருத்தத்தின் பெயர் அதில் இருக்காது. ஊர் விடுப்பு, புதினம் என்று நாலு வரி, கடைசியில் ஒரு நிறம். மாமா அதை வாசித்துவிட்டு, தன்னுடையதை எழுதி அனுப்புவார். சென்ற கிழமை வந்ததில் ‘நீலம்’ என்று இருந்தது. மாமா இரண்டு நாளாகப் பதில் எழுதவில்லை. இன்று காலையில்தான், அந்தக் கிழமைப் பச்சையை ஒளிக்காமல், கொஞ்சம் சின்ன எழுத்தில் எழுதித் தபாலில் போட்டார்.